தண்டலும் தண்டையலும்

என் பேரனார், அதாவது பாட்டனார், கதிரித்தம்பி ஒரு தண்டையல். பாய்க்கப்பலை நடத்திச் செல்கிற தலைவனுக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். நாகபட்டினத்துக்கும் கொச்சிக்கும் கப்பல் கொண்டுபோய், ஓர் ஆளைக்கூடக் கடலுக்குக் கொடுக்காமல் திரும்பி வந்த மனிதர். கப்பலின் பாயைச் சுருட்டினால் எட்டுப் பேர் தோள்கொடுத்துத் தூக்கவேண்டும். அப்படித் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவதற்காகத் தன் சொந்தக் காணியின் நடுவால், வீதியிலிருந்து கடல்வரை, ஒரு வழி விட்டார். அது தண்டையல் ஒழுங்கை. பேசும்போது 'தண்டேல் ஒழுங்கை' என்போம். எழுதும்போது தண்டையல் என்றே எழுதவேண்டும்.

பருத்தித்துறைக்கு மேற்கே எங்கள் ஊரில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. இருந்தும் சென்ற பங்குனி மாதத்தில் அந்தப் பெயர் எங்கள் கையைவிட்டுப் போக இருந்தது. போகவில்லை. எப்படிப் போகவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாற்பத்தொரு வருடம் கடலில் இருந்தவன் நான். கடைசி இருபது வருடமும் கையில் பிடிக்கிற ஜி.பி.எஸ் கருவி ஒன்று என்னோடு வந்தது. கடலை விட்டு நாலு வருடமாகிறது. பழைய கருவி உப்புப் பிடித்துச் செத்துப்போயிற்று. டென்மார்க்கில் இருக்கும் மகன் சிவகரன் இந்தமுறை வந்தபோது புதிதாக ஒன்று கொண்டுவந்து தந்தான்.

"அப்பா, இது கடலுக்கு மட்டுமில்லை. இலங்கையிலை இருக்கிற தெரு முழுக்க இதுக்கை கிடக்கு," என்றான்.

"என்ரை ஊர்த் தெருவிலை எனக்கு ஆரடா வழி காட்டவேணும்?" என்று கேட்டேன்.

ஆனாலும் அவன் திரும்பிப் போனபின் கருவியை எடுத்துக்கொண்டு சந்திவரை நடந்தேன். திரையில் ஒரு சின்ன அம்பு நான் போகுமிடமெல்லாம் போயிற்று. நான் நின்றால் நின்றது. பிள்ளையார் கோயில், தபாற்கந்தோர், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. மெச்சிக்கொண்டே திரும்பி எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கினேன். அம்பும் இறங்கிற்று. அம்புக்குப் பக்கத்தில் பெயர் தெரிந்தது: தண்டல் ஒழுங்கை.

நடு ஒழுங்கையில் நின்று மூன்று தரம் வாசித்தேன்.

தண்டல் என்றால் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டுச் சேர்ப்பது. கோயிலுக்குத் தண்டுவார்கள். இல்லாதவன் வயிற்றுக்குத் தண்டுவான். கப்பல் நடத்தியவரின் ஒழுங்கை, கையேந்தியவனின் ஒழுங்கையாக உலகம் பார்க்கிற வரைபடத்தில் ஏறியிருந்தது.

என் மனைவி இரத்தினம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"தண்டலோ? ஆர் தண்டினது?"

"ஆரும் தண்டேல்லை. பிழையாய்ப் போட்டிருக்கிறாங்கள்."

"பேத்திக்குச் சம்பந்தம் பேச வாறவை உதைப் பாத்துத்தானே வழி தேடி வருவினம்? தண்டித் திண்ட ஆக்களின்ரை வீடு எண்டு நினைக்கப் போகினம். நீங்கள் என்ன, பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அடுத்தநாள் காலை வேட்டி மாற்றிக்கொண்டு பிரதேச சபைக் கந்தோருக்குப் போனேன்.

தெரு வரைபடத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் தர்சிகா என்ற பிள்ளை. கருவியை மேசையில் வைத்துப் பெயரைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிற்று. ஆனால் மறைக்கவில்லை.

"ஐயா, உதை எழுதினது நான்தான். போன வருசம் ஒழுங்கை ஒழுங்கையாய் நடந்து பேர் கேட்டு எழுதினம். அங்கை ஒரு அம்மா 'தண்டேல்' எண்டு சொன்னவ. நான் கோப்பாய். எங்கடை பக்கம் அப்பிடி ஒரு சொல் இல்லை. கோயில் தண்டலாக்கும் எண்டு நினைச்சன்."

"தோட்டம் செய்யிற ஊரிலை தண்டேல் எண்ட சொல் இருக்காது, பிள்ளை. அது உம்மடை பிழை இல்லை. தெரியாததைக் கேளாமல் எழுதினதுதான் பிழை."

"ஓம் ஐயா." தலையைக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "பேரைத் திருத்திறது லேசு. ஆனா உந்த ஒழுங்கைக்கு இன்னொரு விண்ணப்பமும் வந்து கிடக்கு."

விண்ணப்பம் போட்டவர் அருளம்பலம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் முன்னாள் அதிபர். ஒழுங்கையின் கடற்பக்கத்து மூலையில் இருப்பவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய வாதம் இதுதான்: ஒழுங்கை தன் வாசற் படலையோடு முடிகிறது, அதற்கப்பால் வழி இல்லை, இப்படி முட்டி நிற்கிற ஒழுங்கைக்கு அங்கே இருப்பவர்கள் புதுப் பெயர் வைக்கலாம் என்று சபையின் விதி சொல்கிறது, ஆகவே தன் தகப்பனார் நினைவாகச் சட்டம்பியார் ஒழுங்கை என்று பெயரிட வேண்டும். அவருடைய தகப்பனார் நல்ல வாத்தியார்தான், நான் அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒழுங்கை அவருடையதல்ல.

"நீர் நடந்தனீர்தானே? அது கடல்மட்டும் போறது தெரியேல்லையோ?" என்று தர்சிகாவைக் கேட்டேன்.

"அவரின்ரை படலையடியிலை ஆளுயரத்துக்கு ஓலை அடுக்கிக் கிடந்தது ஐயா. முடிஞ்சுது எண்டு திரும்பிட்டன்."

காணி உறுதிப் பத்திரங்களும் உதவவில்லை. உறுதி எழுதுகிற அந்தக் காலத்து நொத்தாரிசுமார் எல்லையை 'மேற்கு: ஒழுங்கை' என்று எழுதுவார்கள். அதற்கு என்ன பெயர், எங்கே முடிகிறது என்று எழுதுவதில்லை.

தர்சிகா ஒரு படிவத்தைத் தந்தாள். ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குறைந்தது இருபது இடங்களில் நின்று, அந்தந்த இடத்தின் அகலக்கோடு நெடுங்கோட்டு எண்களை நிரப்பவேண்டும். இரண்டு முனையும் பொதுவழியில் திறக்கவேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகக்கூடியதாக இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தீர்த்தால்தான் பெயர்ப்பலகைக்குப் போகும்.

"எண் எடுக்கிற கருவி சபையிலை ஒண்டுதான் ஐயா. அதுவும் திருத்தக் குடுத்திருக்கு."

"என்னட்டை இருக்கு," என்றேன்.

திங்கட்கிழமை காலை வீதி முனையில் தொடங்கினேன். முதலில் கருவியை என் பழக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். என்னிடம் ஒரு கடற்கொப்பி இருக்கிறது. வலை விட்ட இடம், கல் கிடக்கிற இடம், வள்ளம் நுழைகிற இடம் எல்லாம் எண்ணில் எழுதிவைத்த கொப்பி. புதுக் கருவியும் அந்தக் கொப்பியோடு ஒத்துப் பேசவேண்டும் என்பது என் ஒழுங்கு. பிறகு பதினைந்து மீற்றருக்கு ஒருமுறை நின்று, எண்ணை வாசித்து, பென்சிலால் எழுதி, மறுபடி சரிபார்த்து நடந்தேன்.

அருளம்பலம் தன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன முத்துக்குமாரண்ணை, ஒழுங்கைக்குள்ளை மீன் தேடுறியளோ?"

"ஓம் அதிபர். ஒரு சுறா உந்த ஓலைக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கு."

"பாத்து. முள்ளுக் குத்தும்."

குத்தத்தான் செய்தது. ஓலைக் குவியலைச் சுற்றி, நாகதாளிப் பற்றைக்குள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு புகுந்து, கடைசி ஏழு இடங்களையும் எழுதிக்கொண்டு கடற்கரை மணலில் மிதித்தேன். செவ்வாய்க்கிழமை படிவத்தைக் கொடுத்தேன். எழுத்து அச்சடித்தாற்போல் இருந்தது என்று தர்சிகா சொன்னாள்.

புதன்கிழமை கூப்பிட்டாள். நான் போனபோது அருளம்பலம் எனக்கு முன்னே வந்து கதிரையில் இருந்தார். விண்ணப்பக்காரர் இருவரையும் அழைப்பது முறையாம். தர்சிகா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். என் இருபத்திரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு சிவப்புக் கோடு. நூல் பிடித்தாற்போல் நேரான கோடு. ஆனால் அது எங்கள் ஒழுங்கையில் இல்லை. மேற்கே இருநூறு மீற்றருக்கு மேல் தள்ளி, பள்ளிக்கூட வளவுக்குள்ளால், மலசலகூட வரிசையின் கூரையை ஊடறுத்துக்கொண்டு போயிற்று.

அருளம்பலம் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.

"பிள்ளை, நான் முப்பத்திரண்டு வருசம் அந்தப் பள்ளிக்கூடத்திலை இருந்தனான். கக்கூசுக்குள்ளாலை ஒரு ஒழுங்கை போனது எனக்குத் தெரியாமல் போச்சே!"

"கருவியிலை ஏதோ..." என்று தொடங்கினேன்.

"கருவியைக் குறை சொல்லாதேங்கோ அண்ணை. நாப்பது வருசம் கடலோடினவர் தன்ரை வீட்டு வாசலைக் காட்டத் தெரியாமல் நிக்கிறார். தண்டல் எண்டு போட்டதுதான் சரிபோலை. தண்டிக்கொண்டு நல்லாத்தான் பள்ளிக்கூடம்மட்டும் வந்திருக்கிறியள்."

கந்தோரில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். தர்சிகா சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். "ஐயா, படிவம் மாத்தித் தர நாளைக்குப் பின்னேரம்மட்டும் நேரமிருக்கு," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். நான் வெளியே வந்தேன். சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே வீடுவந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். இரத்தினம்மா தள்ளின கோப்பையை மறுபடி என் முன்னே வைத்தாள்.

"கோடு வளைஞ்சு கிடந்ததோ?"

"இல்லை. நேர்."

"நீளம் குறைஞ்சதோ?"

"இல்லை. ஒழுங்கையின்ரை நீளம்தான்."

"குடிச்ச வெறிகாரன் நடந்தா ஒரு இடத்திலை இப்பிடிப் போவான், ஒரு இடத்திலை அப்பிடிப் போவான். ஒழுங்கை முழுக்க ஒரேயடியாய் நகந்திருந்தா அது நடந்தவரிலை பிழையில்லை. ஆரோ ஒழுங்கையைத் தூக்கி அங்காலை வைச்சிருக்கினம்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. கடலில் நாங்கள் சொல்வதும் இதுதான். ஒரு குறி மட்டும் பிழைத்தால் கை பிழை. எல்லாக் குறியும் ஒரே பக்கம், ஒரே அளவு பிழைத்தால் கை பிழையல்ல, கணக்கு வேறு.

கையைக் கழுவிவிட்டுக் கருவியை எடுத்தேன். எங்கள் பழைய கடல் வரைபடம் கீறப்பட்ட காலத்தில், நீர்கொழும்புப் பக்கத்தில் கண்டவளை என்ற ஓர் இடத்தை அடியாக வைத்து இலங்கையை அளந்திருந்தார்கள். இன்றைய தெரு வரைபடம் வானத்திலுள்ள செய்மதியின் கணக்கில் வரைந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு கணக்கும் வேறுவேறு எண் சொல்லும். எங்கள் பக்கத்தில் வித்தியாசம் இருநூறு மீற்றருக்கு மேல். என் கடற்கொப்பி பழைய கணக்கு. அதற்காகப் புதுக் கருவியையும் பழைய கணக்கிலேயே எண் காட்டும்படி நான்தான் மாற்றிவைத்தேன். திரையில் அம்பு ஒழுங்கைக்குள் சரியாகவே நின்றது. அதனால் எண் வேறு பாஷை பேசுவதை நான் கவனிக்கவில்லை.

பிழை என்னுடையது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை. தெரியாமல் விட்ட பிழையல்ல, அதிகம் தெரிந்ததால் விட்ட பிழை.

கணக்கை மாற்ற எழுந்தவன் மறுபடி அமர்ந்தேன். கொப்பியில் ஓர் எண் நினைவுக்கு வந்தது.

எங்கள் கரைக்கு முன்னால் முருகைக்கல் என்கிற பவளப்பாறை நீளமாகக் கிடக்கிறது. வள்ளம் நுழைய அதில் ஒரேயொரு இடைவெளி. அதை வாசல் என்போம். பேரனார் காலத்திலிருந்து ஒரு சொல் உண்டு: 'கோபுரம் ஒழுங்கைக்குள்ளை நிண்டா வா, வெளியிலை நிண்டா நில்.' கடலில் இருந்து பார்க்கும்போது பிள்ளையார் கோயில் கோபுரம் ஒழுங்கையின் இடைவெளிக்குள் தெரிந்தால் வள்ளம் வாசலுக்கு நேரே நிற்கிறது. விலகினால் கல். சிறுவயதில் நானும் அப்படித்தான் வந்தேன். கருவி கைக்கு வந்தபின் அந்தச் சொல்லை மறந்தேன்.

பழைய கணக்கு இருக்கும்போதே வாசலின் எண்ணைக் கொப்பியில் பார்த்துக் கருவிக்குள் போட்டேன். பிறகு புதுக் கணக்குக்கு மாற்றினேன். கருவி தானே எல்லாவற்றையும் பெயர்த்தது. திரையை விரித்துப் பார்த்தேன். கோயில், ஒழுங்கை, கடலுக்குள் அந்தப் புள்ளி. வீதி முனையில் நின்று பார்த்தால் ஒழுங்கையின் கடல்முனை வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறது என்று கேட்டேன். பதினான்கு என்றது. வாசலுக்கு எத்தனை என்று கேட்டேன். பதினான்கு என்றது.

எங்கள் ஒழுங்கை காணியைக் கோணலாக வெட்டிக்கொண்டு போகிறது, இரண்டு பக்கமும் காணி வீண் என்று என் தகப்பனார்கூடக் குறைப்பட்டதுண்டு. பாய் தூக்கிப் போக நேராக ஒரு வழி விட்டிருக்கலாமே என்பார். கதிரித்தம்பித் தண்டையல் பாய்க்கு மட்டும் வழி விடவில்லை. கடலில் நிற்கிற ஒவ்வொரு வள்ளத்துக்கும் வாசலைக் காட்டுவதற்காகத் தன் காணியைக் கோணலாக வெட்டியிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லிக்காட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"இரத்தினம், அந்தச் சோத்தைக் கொண்டா," என்றேன்.

வியாழன் காலை மறுபடி நடந்தேன். இருபத்திரண்டு இடம், புது எண், புதுப் படிவம். இருபத்துமூன்றாவதாகக் கடலுக்குள் ஓர் எண். பின்னேரம் அருளம்பலம் இருக்கத்தக்கதாகவே தர்சிகா எண்களைத் தட்டினாள். சிவப்புக் கோடு எங்கள் ஒழுங்கையின் மேல் விழுந்தது. மயிரிழை விலகவில்லை.

"என்ன ஐயா செய்தனீங்கள்?"

"முதல் எழுதினது கண்டவளைக் கணக்கு. இது செய்மதிக் கணக்கு."

அருளம்பலம் முன்னுக்கு வளைந்தார். "கண்டாவளை கிளிநொச்சியிலை. அதுக்கும் எங்கடை ஒழுங்கைக்கும் என்ன சம்பந்தம்? இவர் வாய்க்கு வந்ததைக் கதைக்கிறார், பிள்ளை."

"அது கண்டாவளை, அதிபர். இது கண்டவளை. நீர்கொழும்பிலை. ஒரு கால் எழுத்துக்கு ஒரு மாகாணம் தள்ளிப் போகுது, கண்டியளோ. எழுத்துப் பிழையாலை வாற கரைச்சலை நாங்கள் இப்பதானே பாக்கிறம்."

தர்சிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். "கடலுக்கை ஒரு புள்ளி கிடக்கே ஐயா?"

சொன்னேன். அவள் கணினியிலேயே ஒரு நேர்கோட்டை எடுத்துக் கோயிலில் வைத்து இழுத்தாள். கோடு ஒழுங்கை வழியே ஓடி, கரையைத் தாண்டி, வாசலில் போய் நின்றது. அவள் இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள்.

"கடதாசியிலை ஆரும் கோடு கீறலாம்," என்றார் அருளம்பலம். "சைக்கிள் போகுமோ? அதைச் சொல்லுங்கோ."

"நாளைக்கு நான் வந்து பாக்கிறன்," என்றாள் தர்சிகா.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு வந்தாள். நான் சைக்கிளின் கைபிடியில் கருவியைக் கட்டிவைத்திருந்தேன். இரத்தினம்மா கத்தியோடு வந்தாள். வராதே என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. மூவரும் அருளம்பலத்தின் படலைவரை நடந்தோம். அங்கே ஓலைக் குவியல். அதற்குமுன் அதிபர்.

"உது என்ரை ஓலை. ஆரும் தொடப்படாது."

"ஓலை உங்கடைதான் ஐயா," என்றாள் தர்சிகா. "நிலம் ஆரின்ரை எண்டு உங்கடை உறுதியிலையே இருக்கு. மேற்கு: ஒழுங்கை. ஓலையை உங்கடை வளவுக்கை வைப்பம். வழி இல்லை எண்டு கண்டா நானே திருப்பி அடுக்கித் தாறன்."

அதிபருக்குச் சட்டம் தெரியும். விலகி நின்றார். நாங்கள் மூவரும் ஓலையைத் தூக்கத் தொடங்கினோம். சத்தம் கேட்டுக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் பற்றைக்குள் எட்டிப் பார்த்தான். செபநாயகம். வள்ளத்தை இப்போதுதான் இழுத்துவிட்டு வருகிறான், இடுப்புச் சாரம் நனைந்திருந்தது.

"முத்தண்ணையோ? என்ன, ஓலையோ? பொறுங்கோ."

கேள்வி கேட்காமல் இறங்கினான். அவனுடைய ஆட்கள் இரண்டுபேரும் வந்தார்கள். கால்மணித்தியாலத்தில் ஓலை போயிற்று. இரத்தினம்மா நாகதாளியின் கழுத்தை ஒவ்வொன்றாக அறுத்துப்போட்டாள். அடியில் வெள்ளைச் சுண்ணக்கல் பரவிய தரை, பத்தடி அகலம், கடல்வரை. நான் சைக்கிளை உருட்டினேன். ஓரிடத்திலும் தூக்கவில்லை. முன்சில்லு மணலில் புதைந்தபோது நின்றேன். கருவியில் அம்பு கடல் ஓரத்தில் நின்றது.

"சைக்கிள் வந்திட்டுது, பிள்ளை."

தர்சிகா படிவத்தில் குறித்தாள். அருளம்பலம் பின்னாலேயே வந்திருந்தார். "சரி, வழி இருக்கு. ஆனா உந்தக் கோபுரக் கதை, தண்டேல் கதை எல்லாம் முத்துக்குமாரண்ணை நேற்று இருந்து யோசிச்சது. சாட்சி ஆர் இருக்கினம்?"

செபநாயகம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால், தெற்கே, பார்த்துக்கொண்டு நின்றான்.

"எட, தேவனே!" என்றான். "ஒழுங்கைக்குள்ளை கோபுரம் தெரியுது!"

எல்லோரும் திரும்பினோம். இரண்டு பக்க வேலிக்கும் நடுவே, ஒழுங்கையின் அந்தத் தலையில், பிள்ளையார் கோயில் கோபுரம் சட்டத்துக்குள் வைத்த படம்போல் நின்றது.

"அண்ணை, ஆர் உந்த ஓலையை எடுக்கச் சொன்னது? அவருக்குப் புண்ணியம். நாலு வருசமாய் ஓலையும் பற்றையும் ஒழுங்கையை அடைச்சு, கோபுரத்துக்கு நேர் தெரியாமல், நாங்கள் குத்துமதிப்பிலை வாசலுக்குள்ளை வாறம். போன மாசமும் என்ரை வள்ளம் கல்லிலை உரசினது. என்ரை அப்பு சொல்லுவார், தண்டேல் ஒழுங்கைக்குள்ளை கோபுரம் நிண்டா..."

"...வா," என்றேன்.

"வெளியிலை நிண்டா நில்," என்று அவனுடைய ஆட்கள் இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

தர்சிகா அவர்களைப் பார்த்தாள். பேனையைத் திறந்தாள். "அண்ணை, உந்த ஒழுங்கையின்ரை பேர் என்னெண்டு சொன்னனீங்கள்?"

"தண்டேல் ஒழுங்கை. வேறை என்ன? சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்."

"எழுத்திலை?"

"எழுத்து எனக்கு வராது தங்கச்சி. முத்தண்ணையைக் கேளுங்கோ."

அவள் என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். கோப்பாய்ப் பிள்ளை இந்தமுறை எழுத்து எழுத்தாக எழுதி, என்னிடமே திருப்பி நீட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். அருளம்பலம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் கரையூரில் பிறந்த மனிதர்தான். கோபுரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வள்ளத்தை ஒருமுறை பார்த்தார். "கல்லிலை உரசினது எனக்குத் தெரியாது, செபநாயகம்," என்று சொல்லிவிட்டுப் படலைக்குத் திரும்பினார். விண்ணப்பத்தை அன்று பின்னேரமே மீளப்பெற்றுக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வைகாசியில் பெயர்ப்பலகை வந்தது. நீல நிறம், வெள்ளை எழுத்து, மூன்று பாஷை. ஒன்று வீதி முனையில், மற்றது கடல்முனையில், அதிபரின் படலைக்கு நேரெதிரே. அங்கேதான் நடவேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. முனை அங்கேதான் இருக்கிறது. தெரு வரைபடத்திலும் பெயர் மாறிற்று. சிவகரன் டென்மார்க்கிலிருந்து பார்த்துவிட்டு, "அப்பா, இப்ப கோடு கடல்மட்டும் போகுது!" என்று தொலைபேசியில் கத்தினான். "அது எப்பவும் போனதுதான்," என்றேன்.

பத்து நாளைக்குப் பிறகு ஒரு காலை, அருளம்பலம் எங்கள் படலையடியில் வந்து நின்றார். கையில் ஒரு கொப்பி.

"அண்ணை, என்ரை பேத்திக்குக் கலியாணம் சரிவந்திருக்கு. அழைப்பிதழுக்கு விலாசம் கேக்கிறாங்கள். தமிழிலை எழுதிட்டன். இங்கிலிசிலை அந்தப் பலகையிலை எப்பிடி எழுத்துக்கூட்டியிருக்கு? கண்ணாடி இல்லாமல் வந்திட்டன்."

பலகை அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. கேட்க வந்தது வேறு என்பது எனக்கு விளங்கிற்று. ஒரு மனிதன் தன் மரியாதையை வைத்துக்கொண்டு வருகிறபோது அதைத் தட்டிப் பார்க்கக்கூடாது. படலையைத் திறந்து உள்ளே வரச்சொன்னேன். கதிரை போட்டேன். இரத்தினம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். அவர் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் வைத்தவர்.

"சொல்லுங்கோ அண்ணை," என்று கொப்பியை மடியில் வைத்துப் பேனையைத் திறந்தார்.

"ரீ," என்றேன். "எச். ஏ..."

ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல் சொன்னேன். அதிபர் ஓர் எழுத்தும் விடாமல் எழுதிக்கொண்டார்.